நூறு எழுத்துப் பெட்டி

காலனியில நிக்காது டீச்சர். கண்டக்டர் உங்க மேல எரிஞ்சு விழுந்த விதம்தான் தப்பு, சொன்னது நிசம். எங்க ஊரு ஆலங்கிணறு ஸ்டாப்புல என்கூட இறங்கிக்கோங்க. அங்கேயிருந்து காலனிக்கு நடைதான். பையை இப்படிக் கொடுங்க, மடியில வச்சுக்கிறேன். இந்தப் பய கால் உங்க சேலையில படுதா? டேய், காலை மடக்கு. புது டீச்சர் பாரு, மடக்கு.

ஏன் நிக்காதுன்னு கேட்டீங்க. கேட்டதும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. உங்க மேல இல்ல டீச்சர். காலனி பால்வாடிக்கு ஒரு ஆள் வந்து சேர்ந்தீங்களே, அதுவே சந்தோசம். சுருக்கமா சொல்லிடுறேன். இப்பல்லாம் நான் எதையும் சுருக்கமாத்தான் சொல்றது. எங்க ஊர்ல யாருக்கு மனு எழுதணும்னாலும் என்கிட்டதான் வர்றாங்க. வேல்மதிகிட்ட கொடு, வேண்டாததையெல்லாம் வெட்டிக் கொடுத்துருவான்னு பேரு வாங்கியிருக்கேன். சும்மா வரல அந்தப் பேரு.

முன்னாடி இந்த பஸ் எங்க ஊர்லயும் நிக்காது. போர்டு இருக்கு, நிழற்குடை இருக்கு, பஸ்ஸு மட்டும் நிக்காது. காலையில ஏழே முக்காலுக்கு ரோட்டுல பொம்பளைகளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் மட்டும் நின்னா டிரைவருக்குக் கண்ணு மங்கிரும். எங்களுக்கு டிக்கெட் கிடையாதுல்ல, அதான். ஒரு ஆம்பளை கையக் காட்டினா நிக்கும். நாங்க என்ன பண்ணினோம், எங்க வீட்டுக்காரரைப் பல்லு விளக்குற கோலத்துலயே இழுத்துட்டு வந்து முன்னால நிறுத்தினோம். அவரு கையக் காட்டுவாரு, பஸ் நிக்கும், நாங்க திமுதிமுன்னு ஏறுவோம், அவரு வாய் கொப்பளிக்க வீட்டுக்குப் போயிருவாரு. சிரிக்கிறீங்க! ஒரு வாரம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் டிரைவர் கண்டுபிடிச்சிட்டாரு. அதுக்கப்புறம் பிரஷ்ஷோட யார் நின்னாலும் நிக்கிறதில்ல.

காலனியிலயும் அதே கதைதான். பஸ் அங்கேயிருந்துதான் எங்க ஊருக்கு வரும், அப்புறம் டவுனு. ஜெபக்கனின்னு ஒருத்தி, காலனிக்காரி. நானும் அவளும் பன்னெண்டாப்பு வரைக்கும் ஒரே பெஞ்சு. அவளுக்குக் கணக்கு, எனக்குக் கட்டுரை. பரீட்சை ஹால்ல ரெண்டு அடிஷனல் ஷீட் வாங்கலைன்னா எனக்குத் தூக்கம் வராது. எங்க தமிழய்யா பேப்பர் திருத்துறப்போ படிக்கவே மாட்டாரு, நீளத்தைப் பார்ப்பாரு. முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுநடுவே கோடு. மழைநீர் சேமிப்புக் கட்டுரைக்குப் பரிசா எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கினேன். அதுலதான் இன்னைக்கும் என் மக கனிஷ்காவுக்குச் சோறு.

ஜெபக்கனி மக ஷெர்லின். கனிஷ்கா வகுப்புத்தான். ஒரு நாள் பஸ் காலனியில நிக்காம மெதுவா உருட்டிக்கிட்டுப் போச்சு. மெதுவாப் போகுதேன்னு அந்தப் பிள்ளை பின்னாடியே ஓடியிருக்கு. ஓடுனதும் டிரைவர் வேகத்தைக் கூட்டிட்டான். பிள்ளை முகம் குப்புற விழுந்து தாடை பிளந்துருச்சு. எலும்பு தெரிஞ்சது டீச்சர். நான் பார்த்தேன். ஜெபக்கனி முந்தானையால பொத்திப் பிடிச்சுக்கிட்டு எங்க ஊர் வரைக்கும் நடந்தே வந்தா. எங்க வீட்டுக்காரர் பைக்குல வச்சுக் கூட்டிட்டுப் போய் தையல் போட்டோம். அன்னைக்குச் சாயங்காலமே நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து, கலெக்டர் ஆபீசுல திங்கக்கிழமை மனு கொடுக்கிறதுன்னு முடிவு பண்ணினோம். அவ சொல்லுவா, நான் எழுதுவேன்.

எழுதினேன் பாருங்க ஒரு மனு. நாலு பக்கம். அடுக்களையில குக்கர் கத்த, இந்தப் பய கத்த, நான் எழுதிக்கிட்டே இருக்கேன். முன்னுரை வேணும்ல? ஊருக்கு எப்படிப் பேர் வந்துச்சுன்னு ஆரம்பிச்சேன். "முன்னொரு காலத்தில் ஆலமரத்தடியில் வற்றாத நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று இருந்தது. இன்று அக்கிணறு தூர்ந்து கிடக்கிறது, எங்கள் வாழ்வும் அவ்வாறே." அந்த 'அவ்வாறே'வை எழுதிட்டு எனக்கே கண்ணு கலங்கிருச்சு. ஜெபக்கனி படிச்சுப் பார்த்தா. "ஏளா, பஸ்ஸு எப்ப வரும்?"னா. "மூணாவது பக்கத்துல வரும், பொறு"ன்னேன்.

திங்கக்கிழமை போனோம். கூட்டம்னா கூட்டம். முதல்ல ஒரு கவுண்டர்ல பதிவு பண்ணணும். அங்க ஒரு அம்மா கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்திருக்கும். மனுவை வாங்கும், மேலாக்கப் பார்க்கும், தட்டும், நம்பர் கொடுக்கும், அடுத்து! என் நாலு பக்கத்தை அது பார்த்த பார்வை, கடையில தேங்காயை ஒரு தட்டுத் தட்டிட்டு வைக்கிற பார்வை. பத்து நாள்ல பதில் வந்துச்சு. போன்ல மெசேஜ் இல்ல, ஆபீசுல இருந்து ஆளே வந்தாரு. பேண்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு, கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்தாரு. பக்கத்துல அடிபம்பை அடிச்சுப் பார்த்தாரு. தண்ணி வந்துச்சு. "குடிநீர் வசதி போதுமானதாக உள்ளது"ன்னு எழுதி மனுவை முடிச்சிட்டுப் போயிட்டாரு.

எனக்கு எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. தையல் போட்ட பிள்ளை அங்க கஞ்சியை உறிஞ்சிக் குடிச்சுக்கிட்டிருக்கு, இவரு கிணத்துல தண்ணி இருக்கான்னு பார்க்கிறாரு!

விட்டேனா? மறுபடியும் எழுதினேன். இந்தத் தடவை கோபத்துல எழுதினேன், அதனால இன்னும் நீளம். முதல் வரியே நறுக்குன்னு இருக்கணும்னு, "நான் கேட்டது கிணறு அல்ல, எங்களுக்குக் கிணறு வேண்டாம்"னு ஆரம்பிச்சேன். நல்ல வரிதானே? அந்தக் கவுண்டர் அம்மா அதை மட்டும் படிச்சிருக்கு. கம்ப்யூட்டர்ல என்ன அடிச்சிருக்கு தெரியுமா? "கிணறு பணிக்கு ஆட்சேபணை." அவரு வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனதுல, நாங்க கேட்காத கிணத்துக்கு பஞ்சாயத்துல தூர் வார ஏற்பாடு பண்ணி வச்சிருந்திருக்காங்க. அது நின்னுபோச்சு. ஊர்த் தலைவர் எங்க வாசல்ல வந்து நின்னு, "ஏம்மா, ஊருக்கு வந்த நல்லதை ஒரு பேப்பரைக் கொடுத்து நிறுத்திட்டியே, உனக்கு என்ன பாவம் பண்ணினோம்?"னு கத்துறாரு. எங்க வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "எழுதாதன்னு அப்பவே சொன்னேன்"ங்கிறாரு. எப்பச் சொன்னாரு? சொல்லவே இல்ல. பொய்யி.

மூணாவது திங்கக்கிழமை நான் சண்டை போடத்தான் போனேன். இந்தப் பயலை இடுப்புல வச்சுக்கிட்டு, ஜெபக்கனியையும் கூட்டிக்கிட்டு, நேரா கவுண்டர்.

"நாலு பக்கம் எழுதினேனே, ஒரு பக்கமாவது முழுசாப் படிச்சீங்களா?"ன்னேன்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்துச்சு. "ஏம்மா, உனக்குப் பின்னாடி பாரு."

பார்த்தேன். வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் நிக்குது.

"இங்க வந்து பாரு"ன்னு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுச்சு. ஒரு சின்னப் பெட்டி. "மனுவின் சுருக்கம்"னு மேல போட்டிருக்கு. "இதுல நூறு எழுத்துதான் அடிக்க முடியும். அதுக்கு மேல அடிச்சா நிக்காது. அதிகாரிங்க எல்லாரும் இந்தப் பெட்டியைத்தான் பார்ப்பாங்க, உன் நாலு பக்கத்தை இல்ல. சரி, நீயே சொல்லு. நூறு எழுத்துல சொல்லு. நீ சொல்றதை அப்படியே அடிக்கிறேன்."

வாயைத் திறந்தேன் டீச்சர். சத்தியமா, முன்னொரு காலத்துலதான் வருது. ஆலமரம்தான் வருது. பின்னாடி நின்ன பெரியவர் ஒருத்தர், "தாயே, ஆலமரத்துல ஊஞ்சல் கட்டி ஆடிட்டு வா, நாங்க அதுக்குள்ள முடிச்சிருவோம்"ங்கிறாரு. எல்லாரும் சிரிக்கிறாங்க. அவமானம்னா அவமானம். கட்டுரைப் போட்டியில டிபன் பாக்ஸ் வாங்கினவளுக்கு வந்த அவமானம்!

"போய் உட்கார்ந்து எழுதிட்டு வா, பன்னெண்டு மணி வரைக்கும் இருப்பேன்"னு அனுப்பிருச்சு அந்த அம்மா.  வேப்பமரத்தடியில உட்கார்ந்து, பழைய மனுவை எடுத்து வச்சு, பேனாவால கோடு போட ஆரம்பிச்சேன்.

எப்படி வெட்டுறதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல. முருங்கைக்கீரை ஆயுற மாதிரின்னு வச்சுக்கோங்க. ஒரு கொத்தை எடுப்பேன். இது இல்லாம பஸ் நிக்குமா? நிக்கும்னா, அடி. ஆலமரம் இல்லாம நிக்குமா? நிக்கும். அடி. "தாழ்மையுடன்" இல்லாம? அடி. "மிகவும்" எங்கெங்க பார்த்தாலும் கிடக்கு, பச்சரிசியில கல்லு மாதிரி. எல்லாத்தையும் பொறுக்கிப் போட்டேன். "எங்கள் வாழ்வும் அவ்வாறே." அதை அடிக்கக் கை வரல. அந்த வரியைச் சுத்திச் சுத்தி மத்ததையெல்லாம் அடிச்சேன். கடைசியில அது மட்டும் தனியா நின்னுக்கிட்டு என்னைப் பார்க்குது. எது அவ்வாறே? மேல ஒண்ணுமே இல்லையே! கிணறே போயிருச்சே! அப்பதான் அதையும் அடிச்சேன். அழுகை வந்துச்சு. ஆனா அடிச்சதும் பேப்பர் காத்தோட்டமா ஆயிருச்சு டீச்சர். உள்ள என்ன இருக்குன்னு தெரியுது.

ஷெர்லின் விழுந்ததையும் அடிச்சேன். ஜெபக்கனிதான் ஒரு மாதிரி பார்த்தா. "ஏளா, அதுக்குத்தானே வந்தோம்?"னா. நான் விளக்கிச் சொன்னேன். அது இருந்தா அந்த அம்மா "விபத்து"ன்னு அடிச்சிரும், பேப்பர் போலீசுக்குப் போயிரும், அவங்க வந்து உன் பிள்ளை ஏன் ஓடுச்சுன்னு கேட்பாங்க. கிணத்துல நடந்ததைப் பார்த்தல்ல? அவளும் சரின்னுட்டா. சரின்னுதானே சொன்னா! சொல்லிட்டு, டீ வாங்கிட்டு வர்றேன்னு எழுந்து போனா.

அவ வர்றதுக்குள்ள முடிச்சிட்டேன். ஒரே வரி. "காலை 7.45 டவுன் பஸ் ஆலங்கிணறு நிறுத்தத்தில் நிற்க வேண்டும்." பாருங்க, ஒரு எழுத்தை எடுக்க முடியுமா? எனக்கு அப்ப இருந்த சந்தோசம், டிபன் பாக்ஸ் வாங்கினப்பகூட இல்ல.

ஜெபக்கனி டீயைக் கீழ வச்சிட்டுப் படிச்சா. ஒரு தடவை. இன்னொரு தடவை.

"காலனி எங்க மதி?"

பழசுல "ஆலங்கிணறு மற்றும் ஆலங்கிணறு காலனி"ன்னு எழுதியிருந்தேன். ரெண்டு ஆலங்கிணறு எதுக்கு, ஒண்ணை அடின்னு அடிச்சதுல அதுவும் சேர்ந்து போயிருக்கு. "ஆலங்கிணறுன்னா அதுவும்தானே. ஒரே ஊருதானே நாம?"ன்னேன். தப்பா? ஒரே ஊருன்னு சொன்னது தப்பா?

"மூணு எழுத்துதான் மதி"ன்னா. விரல் விட்டு எண்ணினா, கணக்குக்காரில்ல. "நூறுல பாதிகூட ஆகல. பெட்டியில இடம் கிடக்கு."

"இடம் கிடந்தா நிரப்பணுமா? ரெண்டு கேட்டா ரெண்டும் போயிரும். நின்னதுக்கப்புறம் அடுத்த மனுவுல கேட்டுக்கலாம்"ன்னேன். பன்னெண்டு அடிக்கப் போகுது, இந்தப் பய வேற நனைச்சிட்டான், வரிசை வேற. அவ பேப்பரை என் கையில கொடுத்தா. டீயைக் குடிச்சா. நான் கொண்டுபோய்க் கொடுத்துட்டேன். அந்த அம்மா படிச்சிட்டு, "இப்படிக் கொடுத்தா நான் ஏம்மா தப்பா அடிக்கப் போறேன்?"ன்னு சிரிச்சுச்சு. எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டாம். ஆலமரத்தை அடிச்சவ நான், அந்த வலி அதுக்குத் தெரியுமா?

பதினஞ்சு நாள். பஸ் நின்னுச்சு. ஏழே முக்காலுக்கு, பிரேக் அடிச்சு, நிழற்குடைக்கு நேரா. பொம்பளைகள் குலவை போட்டாங்க. தலைவர் வந்து, கிணத்தையெல்லாம் மறந்துட்டு, எனக்குச் சால்வை போத்தினாரு. எங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு, நான்தான் எழுதச் சொன்னேன்ங்கிறாரு. டிரைவருக்கு மாலை போட்டோம், அவரு மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே!

அந்தக் கும்மாளத்துக்கு நடுவுலதான் பார்த்தேன். காலனிப் பிள்ளைகள் ரோட்டோரமா நடந்து வருதுங்க, பையைச் சுமந்துக்கிட்டு. முன்னால ஜெபக்கனி, ஷெர்லின் கையைப் பிடிச்சுக்கிட்டு. அங்க நிக்கல. "அண்ணாச்சி, காலனியிலயும் நிக்கணும்ல?"ன்னு டிரைவர்கிட்ட கேட்டேன். "ஆர்டர்ல ஆலங்கிணறுன்னுதான் இருக்கு. காலனின்னு ஒரு எழுத்து இருக்கா? காட்டு, நிக்கிறேன்"ங்கிறாரு. என் வரியை என்கிட்டயே திருப்பிச் சொல்றாரு டீச்சர்! நல்லா எழுதினதுக்கு இதுவா பலன்?

கோபம் அதுக்கில்ல. எங்க ஊர்க்காரிகளே என்ன சொல்றாளுக தெரியுமா? "நல்ல வேலை பண்ணினே மதி, அங்க நின்னு வந்தா அவங்களே உட்கார்ந்துருவாங்க, நமக்கு சீட்டு ஏது?"ங்கிறாளுக. என் தோளைத் தட்டுறாளுக. அதுக்காகவா நான் அடிச்சேன்? எழுத்துக் குறையணும்னு அடிச்சேன்! அவளுக முகத்துல அறைஞ்ச மாதிரி ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும். கேட்கல. அந்த நேரம் பஸ் கிளம்பிருச்சு.

ஜெபக்கனி என்கிட்ட பேசுறதில்ல. நிழற்குடைக்குள்ள வரமாட்டேங்கிறா, வெயில்லயே நிக்கிறா. நான் கனிஷ்காவைவிட்டுக் கூப்பிட்டேன். "சித்தி, உள்ள வாங்க"ன்னுச்சு பிள்ளை. சிரிச்சிட்டு அங்கேயே நின்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! பத்து வருசம் ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிட்டவ. என் ஊர், உன் ஊர்னு நான் ஒரு நாளாவது பிரிச்சுப் பார்த்திருக்கேனா? ஒரு வார்த்தை திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன், தீர்ந்திருக்கும். ஒண்ணுமே சொல்லாம நின்னா நான் எதைத்தான் பிடிச்சுக்கிட்டுச் சண்டை போடுறது? சொல்லுங்க.

அன்னைக்கு வீட்டுக்குப் போய் அடுத்த மனுவுக்கு உட்கார்ந்தேன். காலனிக்கு. ஒரு வரி எழுதினேன், சரியாத்தான் இருக்கு. ஆனா அதுல அவ இல்ல. நான் எழுதினா நான் கொடுத்த மாதிரி இருக்கும். இன்னொரு சால்வையையும் எனக்கே போத்துவானுக. மடிச்சு அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால வச்சிட்டேன்.

பாருங்க, பனங்காடு வந்துருச்சு. அடுத்தது நம்ம ஸ்டாப்புதான். டீச்சர், ஒரு உபகாரம். உங்க பால்வாடிக்கு எதிர்த்த வீடு, நீலக் கதவு. அவதான் ஜெபக்கனி. நான் சொன்னேன்னு சொல்லுங்க. என்ன சொல்லணும்னா... நான் வேணும்னு பண்ணல, நீ நினைக்கிற மாதிரி ஆள் நான் இல்ல, அந்தக் கவுண்டர்ல நின்னு பார்த்தாத்தான் தெரியும், என்னமோ நான் மட்டும் சுகப்பட்ட மாதிரி நீ வெயில்ல நின்னு என்னை ஊர் முன்னால குத்திக் காட்டுறியே, இது நல்லா இருக்கா, அடுத்த மனுவுல கேட்கலாம்னு அன்னைக்கே சொன்னேன், அதுக்கு நீயும்...

"ஆலங்கிணறெல்லாம் முன்னால வாங்க!"

வர்றோம்யா, கத்தாதீங்க. பிள்ளை தூங்குது.

வேண்டாம் டீச்சர். அதையெல்லாம் சொல்லாதீங்க. "வேணும்னு பண்ணல"ன்னு மட்டும்... இல்ல, அதுவும் வேண்டாம். அது இல்லாம அவ வருவாளா? வருவா. அடிச்சிருங்க. "மதி உன் மேல கோபமா இருக்கா"ன்னு... அதுவும் எதுக்கு.

"திங்கக்கிழமை. பேனாவோட வா." அவ்வளவுதான். அவ எழுதட்டும், நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். சேலையைத் தூக்கிக்கோங்க, படி உயரம். பார்த்து. அந்தா, நேரா போங்க. மரம் கிடையாது ரோட்டுல, தலையில முந்தானையைப் போட்டுக்கோங்க.

டீச்சர்! டீச்சர், நில்லுங்க! ஒண்ணு விட்டுப்போச்சு. ஷெர்லினையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அந்தக் கவுண்டர் அம்மா பிள்ளை தாடையைப் பார்க்கட்டும்.

இதை மட்டும் சுருக்கிராதீங்க.